மாறாக் கோண முடுக்கத்துடன் கூடிய சுழற்சி இயக்கம்

மாறாக் கோண முடுக்கத்துடன் கூடிய சுழற்சி இயக்கம் என்பது, நிலையான ஓர் அச்சைப் பற்றிச் சுழலும் திண்பொருளின் கோணத் திசைவேகம், சமமான கால இடைவெளிகளில் சமமான அளவு மாறிக்கொண்டு வரும் இயக்கமாகும். நேர்கோட்டில் மாறா முடுக்கத்துடன் செல்லும் பொருளின் இயக்கத்துக்கு இணையான சுழற்சி வடிவம் இது. மேலிருந்து விழும் கல்லுக்குப் பொருந்தும் அதே கணக்கு, கல்லுக்குப் பதிலாகச் சக்கரத்துக்கும், தொலைவுக்குப் பதிலாகக் கோணத்துக்கும் பொருந்துகிறது.

இவ்வியக்கத்தில் கோணத் திசைவேகத்தில் ஏற்படும் மாற்றம் நேரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆனால் முடுக்கத்தால் கூடும் அல்லது குறையும் கோணம் நேரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நேரம் இருமடங்கானால் அக்கோணம் நான்கு மடங்காகும். இந்த வர்க்கத் தொடர்பே இப்பாடத்தின் மையம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சாணைச் சக்கரம் நாம் எண்ணுவதைவிட அதிகச் சுற்றுகள் சுற்றுவதற்கும், அன்றாட வாழ்வில் உணர இயலாத அளவு சிறிதான ஒரு முடுக்கம் இரண்டாயிரம் ஆண்டுகளில் புவியை ஏறத்தாழ ஐம்பது பாகை பின்தங்க வைத்ததற்கும் அதுவே காரணம்.

## அடிப்படைக் கணியங்கள்

கோண இடப்பெயர்ச்சி: பொருள் தன் அச்சைப் பற்றித் திரும்பிய கோணம். இதன் அலகு ரேடியன் (ஆரையன்). வட்டத்தின் ஆரத்துக்குச் சமமான நீளமுள்ள வில், வட்ட மையத்தில் தாங்கும் கோணம் 1 ரேடியன் ஆகும். ஒரு முழுச் சுற்று 2 × 3.1416 = 6.2832 ரேடியன். 1 ரேடியன் ஏறத்தாழ 57.3 பாகைக்குச் சமம்.

கோணத் திசைவேகம்: கோண இடப்பெயர்ச்சி மாறும் வீதம். இதன் அலகு ரேடியன்/விநாடி. இயந்திரங்களில் இது பெரும்பாலும் நிமிடத்துக்கு இத்தனை சுற்றுகள் என்று குறிக்கப்படும். நிமிடச் சுற்று எண்ணிக்கையை 6.2832 ஆல் பெருக்கி 60 ஆல் வகுத்தால் ரேடியன்/விநாடி கிடைக்கும்.

கோண முடுக்கம்: கோணத் திசைவேகம் மாறும் வீதம். இதன் அலகு ரேடியன்/விநாடி². இலங்கைப் பாடநூல்களில் முடுக்கம் 'ஆர்முடுகல்' என்றும், வேகக் குறைவு 'அமர்முடுகல்' என்றும் வழங்கும்.

பாடநூல்களில் இம்மூன்றும் முறையே தீட்டா, ஒமேகா, ஆல்ஃபா என்னும் கிரேக்க எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. இக்கட்டுரையில் சமன்பாடுகள் சொற்களாலேயே எழுதப்படுகின்றன. அவற்றில் வரும் 'வேகம்', 'முடுக்கம்', 'கோணம்' ஆகியவை கோணத் திசைவேகம், கோண முடுக்கம், கோண இடப்பெயர்ச்சி ஆகியவற்றைக் குறிக்கும்.

திண்பொருளின் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் ஒரே கோணம் திரும்புகின்றன. எனவே சக்கரத்தின் அச்சுக்கு அருகில் உள்ள புள்ளிக்கும் விளிம்பில் உள்ள புள்ளிக்கும் கோணத் திசைவேகமும் கோண முடுக்கமும் ஒன்றே. சுழற்சியைத் தொலைவால் அளக்காமல் கோணத்தால் அளப்பதன் பயன் இதுதான்: கோடிக்கணக்கான துகள்களின் இயக்கத்தை ஒரே எண்ணால் சொல்லிவிடலாம்.

## கோண முடுக்கம் எப்போது மாறாமல் இருக்கும்?

நேர்கோட்டு இயக்கத்தில் விசை செய்யும் வேலையைச் சுழற்சியில் திருப்புவிசை (முறுக்குவிசை) செய்கிறது. நிறையின் இடத்தை நிலைமத் திருப்புத்திறன் பெறுகிறது. இவற்றுக்கிடையே உள்ள தொடர்பு:

திருப்புவிசை = நிலைமத் திருப்புத்திறன் × கோண முடுக்கம்

எனவே, பொருளின் மீது செயல்படும் நிகரத் திருப்புவிசை மாறாமலும், அப்பொருளின் நிறைப் பரவல் மாறாமலும் இருந்தால், கோண முடுக்கமும் மாறாமல் இருக்கும்.

கிணற்று ராட்டினத்தை எடுத்துக்கொள்வோம். கயிற்றின் பிடியை விட்டுவிட்டால் வாளி கீழ்நோக்கி விழும். கயிறு ராட்டினத்தைச் சுழற்றும். கயிறு வழுக்காமலும், அதன் எடை வாளியின் எடையோடு ஒப்பிடச் சிறிதாகவும், உராய்வு மாறாததாகவும் இருந்தால், கயிற்றின் இழுவிசை மாறாது. ஆகவே ராட்டினம் மாறாக் கோண முடுக்கத்துடன் சுழலும். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் கனமான சக்கரத்தின் அச்சில் நூலைச் சுற்றி, நூலின் முனையில் எடையைத் தொங்கவிட்டு நிலைமத் திருப்புத்திறன் காணும் சோதனையும் இக்கருத்தின் மீதே அமைந்தது.

இயந்திரத்தை நிறுத்திய பிறகு, தாங்கிகளின் உராய்வு மட்டுமே பெரிதும் செயல்படும் நிலையில், சக்கரம் ஏறத்தாழ மாறா எதிர்முடுக்கத்துடன் வேகம் குறைந்து நிற்கும்.

## சமன்பாடுகள்

முடுக்கம் மாறாதபோது வேகம் ஒவ்வொரு விநாடியும் ஒரே அளவு மாறுகிறது. எனவே முதல் சமன்பாடு நேரடியாகக் கிடைக்கிறது.

(1) இறுதி வேகம் = தொடக்க வேகம் + முடுக்கம் × நேரம்

வேகத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். நேர்கோட்டில் ஏறும் அல்லது இறங்கும் ஒரு கணியத்தின் சராசரி, அதன் முதல் மதிப்புக்கும் கடைசி மதிப்புக்கும் நடுவில் இருக்கும். சராசரி வேகத்தை நேரத்தால் பெருக்கினால் திரும்பிய கோணம் கிடைக்கும்.

(2) கோணம் = ½ × (தொடக்க வேகம் + இறுதி வேகம்) × நேரம்

இதில் இறுதி வேகத்துக்குப் பதிலாகச் சமன்பாடு (1)ஐ இட்டால்:

(3) கோணம் = தொடக்க வேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்²

சமன்பாடு (3)இன் முதல் உறுப்பு, முடுக்கமே இல்லாதிருந்தால் பொருள் திரும்பியிருக்கும் கோணம். இரண்டாம் உறுப்பு, முடுக்கத்தால் கூடிய அல்லது குறைந்த கோணம். நேரத்தின் வர்க்கம் இரண்டாம் உறுப்பில் மட்டுமே வருகிறது.

நேரம் தெரியாத கணக்குகளுக்கு, சமன்பாடு (1)இலிருந்து நேரத்தைக் கண்டு (2)இல் இட்டால்:

(4) இறுதி வேகம்² = தொடக்க வேகம்² + 2 × முடுக்கம் × கோணம்

சமன்பாடு (4)இன் இருபுறமும் நிலைமத் திருப்புத்திறனின் பாதியால் பெருக்கினால் ஆற்றல் சமன்பாடு கிடைக்கும்: சுழற்சி இயக்க ஆற்றலில் ஏற்படும் மாற்றம், திருப்புவிசையையும் கோணத்தையும் பெருக்கி வரும் வேலைக்குச் சமம். ஆகவே இது புதிய விதியன்று; ஆற்றல் அழிவின்மையின் மற்றொரு முகமே.

நேர்கோட்டு இயக்கத்துடன் ஒப்பீடு:

| நேர்கோட்டு இயக்கம் | சுழற்சி இயக்கம் |
|---|---|
| இடப்பெயர்ச்சி | கோண இடப்பெயர்ச்சி |
| திசைவேகம் | கோணத் திசைவேகம் |
| முடுக்கம் | கோண முடுக்கம் |
| விசை | திருப்புவிசை |
| நிறை | நிலைமத் திருப்புத்திறன் |

## குறிகள்

கணக்கைத் தொடங்கும் முன் ஒரு சுழற்சித் திசையை நேர்க்குறி எனத் தேர்ந்துகொள்ள வேண்டும். வழக்கமாக இடஞ்சுழித் திசை, அதாவது கடிகார முள்ளுக்கு எதிரான திசை, நேர்க்குறியாகக் கொள்ளப்படும்.

முடுக்கம் எதிர்க்குறி பெற்றால் பொருளின் வேகம் குறைகிறது என்று எப்போதும் பொருளன்று. எதிர்க்குறித் திசையில் சுழலும் சக்கரத்துக்கு எதிர்க்குறி முடுக்கம் கொடுத்தால் அது மேலும் விரைவாகவே சுழலும். வேகமும் முடுக்கமும் ஒரே குறி பெற்றிருந்தால் சுழற்சி விரைவடையும்; வெவ்வேறு குறி பெற்றிருந்தால் மெதுவாகும்.

## எடுத்துக்காட்டுகள்

### ஓய்விலிருந்து தொடங்கும் சக்கரம்

ஓய்விலிருந்து மாறா முடுக்கத்துடன் சுழலத் தொடங்கும் ஒரு சக்கரம் முதல் 4 விநாடிகளில் 8 சுற்றுகள் சுற்றுகிறது. அடுத்த 4 விநாடிகளில் எத்தனை சுற்றுகள் சுற்றும்?

தொடக்க வேகம் சுழி. எனவே கோணம் நேரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நேரம் 4இலிருந்து 8 விநாடியாக, இருமடங்காகிறது. மொத்தக் கோணம் நான்கு மடங்காகி 32 சுற்றுகள் ஆகும். ஆகவே அடுத்த 4 விநாடிகளில் சுற்றுவது 32 − 8 = 24 சுற்றுகள். முடுக்கத்தின் மதிப்பைக் காணாமலே விடை கிடைத்துவிடுகிறது.

சமமான அடுத்தடுத்த கால இடைவெளிகளில் திரும்பும் கோணங்கள் 1, 3, 5, 7 என்னும் ஒற்றை எண்களின் விகிதத்தில் அமையும். விழும் பொருள்கள் கடக்கும் தொலைவுக்கு இவ்விதியைக் கலிலியோ 1638ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் விளக்கினார். சுழற்சியிலும் அதே விதி செல்லும்.

### சாணைச் சக்கரம் நிற்கும் விதம்

பட்டறையில் உள்ள ஒரு சாணைச் சக்கரம் நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுழல்கிறது. மின்சாரத்தை நிறுத்திய பின் மாறா எதிர்முடுக்கத்துடன் 40 விநாடிகளில் நிற்கிறது எனக் கொள்வோம்.

தொடக்க வேகம் = 3000 × 6.2832 ÷ 60 = 314.16 ரேடியன்/விநாடி

முடுக்கம் = (0 − 314.16) ÷ 40 = −7.854 ரேடியன்/விநாடி²

நிற்பதற்குள் சுற்றும் சுற்றுகளைக் காணச் சராசரி வேகமே போதும். சராசரி நிமிடத்துக்கு 1500 சுற்றுகள். 40 விநாடி என்பது ஒரு நிமிடத்தில் மூன்றில் இரு பங்கு. எனவே விடை 1000 சுற்றுகள். சமன்பாடு (4)ஐக் கொண்டும் சரிபார்க்கலாம்: 314.16² ÷ (2 × 7.854) = 6283 ரேடியன், அதாவது 1000 சுற்றுகள்.

இந்த ஆயிரம் சுற்றுகள் சமமாகப் பிரிவதில்லை. முதல் 20 விநாடிகளில் வேகம் 3000இலிருந்து 1500 ஆகக் குறைகிறது. அப்போது சராசரி 2250 என்பதால் 750 சுற்றுகள் முடிகின்றன. எஞ்சிய 20 விநாடிகளில் 250 சுற்றுகளே. பாதி நேரம் கடந்த பின்னும் சக்கரம் நிமிடத்துக்கு 1500 சுற்றுகள் சுழன்றுகொண்டிருக்கும். மோட்டாரின் ஓசை அடங்கிவிட்டது என்பதற்காகக் கையை அருகே கொண்டுபோகக் கூடாது என்பதற்கான இயற்பியல் காரணம் இது.

இதே சக்கரம் நிமிடத்துக்கு 1500 சுற்றுகளில் ஓடும்போது நிறுத்தப்பட்டிருந்தால், அதே எதிர்முடுக்கத்தில் 20 விநாடிகளில் 250 சுற்றுகளுடன் நின்றிருக்கும். தொடக்க வேகம் இருமடங்கானால் நிற்க ஆகும் நேரம் இருமடங்காகிறது. சுற்றுகளோ நான்கு மடங்காகின்றன.

### தாமே செய்து பார்க்க

ஓர் இசைத்தட்டு ஓய்விலிருந்து தொடங்கி, 2 விநாடிகளில் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகள் என்னும் வேகத்தை மாறா முடுக்கத்துடன் அடைகிறது. அதற்குள் அது எத்தனை பாகை திரும்பியிருக்கும்?

விடை: 200 பாகை. சராசரி வேகம் நிமிடத்துக்கு 16⅔ சுற்றுகள், அதாவது விநாடிக்கு 100 பாகை.

## விளிம்பில் உள்ள புள்ளியின் முடுக்கம்

சக்கரத்தின் கோண முடுக்கம் மாறாமல் இருந்தாலும், அதன் மீதுள்ள ஒரு புள்ளியின் மொத்த முடுக்கம் மாறாமல் இருப்பதில்லை. அம்முடுக்கத்துக்கு இரு கூறுகள் உண்டு.

தொடுகோட்டு முடுக்கம் = ஆரம் × கோண முடுக்கம்

மையநோக்கு முடுக்கம் = ஆரம் × கோணத் திசைவேகம்²

முதல் கூறு புள்ளியின் வேகத்தின் அளவை மாற்றுகிறது. இரண்டாம் கூறு அதன் திசையை மட்டும் திருப்புகிறது. கோண முடுக்கம் மாறாதபோது முதல் கூறின் அளவு மாறாது; இரண்டாம் கூறோ வேகம் மாற மாற மாறிக்கொண்டே இருக்கும்.

மேற்கண்ட சாணைச் சக்கரத்தின் ஆரம் 10 செ.மீ. எனக் கொள்வோம். மின்சாரத்தை நிறுத்திய கணத்தில் விளிம்பின் தொடுகோட்டு முடுக்கம் 0.785 மீ/விநாடி². அதே கணத்தில் மையநோக்கு முடுக்கம் 0.1 × 314.16² = சுமார் 9,870 மீ/விநாடி². இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. விளிம்பில் உள்ள ஒவ்வொரு துகளையும் அதன் எடையைப் போல ஆயிரம் மடங்கு விசையுடன் கல்லின் உட்பகுதி பிடித்து வைத்திருக்க வேண்டும். வேகம் இருமடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகும். சாணைக்கற்களின் மீது உச்ச வேகம் அச்சிடப்பட்டிருப்பதும், அதை மீறி ஓட்டினால் கல் உடைந்து சிதறும் ஆபத்து இருப்பதும் இதனாலேயே.

## புவியின் சுழற்சி: சிறிய முடுக்கம், நீண்ட காலம்

சாணைச் சக்கரத்தின் கணக்கு விநாடிகளில் முடிந்தது. அதே சமன்பாட்டை ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பொருத்திப் பார்க்க ஒரு பொருள் உண்டு. அது நாம் வாழும் புவி.

நிலவின் ஈர்ப்பால் கடல்நீர் இருபுறமும் சற்றுப் புடைக்கிறது. நிலவு புவியைச் சுற்றுவதைவிடப் புவி விரைவாகத் தன்னைச் சுற்றிக்கொள்வதால், இப்புடைப்பு நிலவுக்கு நேர் கீழே நில்லாமல் சற்று முன்னே இழுத்துச் செல்லப்படுகிறது. நிலவு அப்புடைப்பைப் பின்னோக்கி இழுக்கிறது. இதனால் புவியின் மீது சுழற்சிக்கு எதிரான ஒரு திருப்புவிசை உண்டாகிறது. கடல் ஓதங்களின் உராய்வு புவியின் சுழற்சியைக் குறைக்க வேண்டும் என்று இம்மானுவேல் கான்ட் 1754ஆம் ஆண்டே எழுதினார். புவி இழக்கும் கோண உந்தத்தை நிலவு பெறுகிறது. அதனால் நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 செ.மீ. நம்மைவிட்டு விலகிச் செல்கிறது.

ஓதங்கள் மட்டுமே காரணமாக இருந்தால் நாளின் நீளம் நூற்றாண்டுக்கு 2.3 மில்லிவிநாடி அளவில் கூடவேண்டும். உண்மையில் கூடுவது சராசரியாக 1.7 முதல் 1.8 மில்லிவிநாடி வரைதான். பனியுகத்தின் பெரும் பனிப்பாளங்கள் உருகிய பின், அவற்றின் பாரத்தால் அமுங்கியிருந்த துருவப்பக்க நிலப்பகுதிகள் மெல்ல எழும்பி வருகின்றன. இதனால் புவியின் நிலைமத் திருப்புத்திறன் சிறிது குறைந்து, சுழற்சி சற்று விரைவடைகிறது. வேறுபாட்டின் முதன்மைக் காரணம் இது.

நூற்றாண்டுக்கு 1.7 மில்லிவிநாடி என்பதைக் கோண முடுக்கமாக மாற்றுவோம். புவியின் கோணத் திசைவேகம் 7.292 × 10⁻⁵ ரேடியன்/விநாடி. நாளின் 86,400 விநாடிகளில் 0.0017 விநாடி என்பது 1.97 × 10⁻⁸ பங்கு. ஒரு நூற்றாண்டு 3.156 × 10⁹ விநாடிகள். எனவே:

கோண முடுக்கம் = −7.292 × 10⁻⁵ × 1.97 × 10⁻⁸ ÷ (3.156 × 10⁹) = சுமார் −4.55 × 10⁻²² ரேடியன்/விநாடி²

இவ்வளவு சிறிய எண்ணின் விளைவை யார் காண முடியும்? இரண்டாம் உறுப்பாகிய ½ × முடுக்கம் × நேரம்² மட்டும் எவ்வளவு வளர்கிறது என்று பார்ப்போம்.

| காலம் | கோண வேறுபாடு | நேர வேறுபாடு |
|---|---|---|
| 1 நூற்றாண்டு | 0.13 பாகை | அரை நிமிடம் |
| 10 நூற்றாண்டுகள் | 13 பாகை | 52 நிமிடம் |
| 20 நூற்றாண்டுகள் | 52 பாகை | சுமார் 3½ மணி |

இக்கணக்கைச் சோதிக்க உதவுவது முழுச் சூரிய கிரகணம். நிலவின் முழு நிழல் புவியின் மீது ஒரு குறுகிய பட்டையாகவே விழும். எந்த ஊரில் முழுக் கிரகணம் தெரிந்தது என்று ஒரு பழங்குறிப்பு சொன்னால், அக்கணத்தில் புவி எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தது என்பதை அதிலிருந்து கண்டறியலாம்.

கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. வெள்ளி, புதன் உள்ளிட்ட கோள்களும் விண்மீன்களும் பகலில் தெரிந்ததாக அவ்வூர் வானியலர்கள் களிமண் பலகையில் பதிந்துள்ளனர். ஆனால் புவி என்றும் ஒரே வேகத்தில் சுழன்றது எனக் கொண்டு கணக்கிட்டால், அந்நிழல் பாபிலோனுக்கு ஏறத்தாழ 49 பாகை மேற்கே, மேற்கு மத்தியதரைக் கடல் பகுதி வழியாகச் சென்றிருக்க வேண்டும். பாபிலோனில் முழுக் கிரகணம் தெரிந்திருக்கவே முடியாது.

சமன்பாடு (3) என்ன சொல்கிறது? நாளின் நீளம் சரியாக 86,400 விநாடியாக இருந்தது 1820ஆம் ஆண்டை ஒட்டி. அதைத் தொடக்கமாகக் கொண்டு பின்னோக்கிச் சென்றால் இடைவெளி 19.55 நூற்றாண்டுகள், அதாவது 6.17 × 10¹⁰ விநாடிகள்.

கோண வேறுபாடு = ½ × 4.55 × 10⁻²² × (6.17 × 10¹⁰)² = 0.866 ரேடியன் = சுமார் 49.6 பாகை

பழங்குறிப்பு காட்டும் 49 பாகையும் சமன்பாடு தரும் 49.6 பாகையும் வியப்பூட்டும் அளவு நெருங்கி வருகின்றன. முற்காலத்தில் புவி சற்று விரைவாகச் சுழன்றதால், அன்று முதல் 1820 வரை அது திரும்பிய மொத்தக் கோணம், சீரான சுழற்சியில் வருவதைவிட அதிகம். புவி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், அந்த அதிகக் கோணத்தைப் பின்னோக்கித் திருப்பினால் பாபிலோன் மேற்கே நகர்ந்து, சரியாக நிழல் விழும் இடத்துக்கு வந்துவிடுகிறது.

இதையே சராசரி வேகக் கணக்காகவும் செய்யலாம். கி.மு. 136இல் ஒரு நாள் 1.7 × 19.55 = சுமார் 33 மில்லிவிநாடி குறைவு. 1820இல் குறைவு சுழி. சராசரி 16.6 மில்லிவிநாடி. இடையில் ஏறத்தாழ 7,14,000 நாட்கள். இரண்டையும் பெருக்கினால் சுமார் 11,900 விநாடி, அதாவது 3.3 மணி. ஒரு நாளில் 33 மில்லிவிநாடி யாருக்கும் தெரியாது. ஏழு லட்சம் நாட்களில் அது ஒரு கிரகணத்தை ஒரு நாட்டிலிருந்து வேறொரு நாட்டுக்கு மாற்றிவிடுகிறது.

### நெட்டை விநாடி பற்றிய ஒரு தெளிவு

1972 முதல் 2016 வரை உலக நேரத்தில் 27 முறை ஒரு விநாடி சேர்க்கப்பட்டது. புவி ஒவ்வோர் ஆண்டும் ஒரு விநாடி மெதுவாகிறது என்று சிலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர். அது சரியன்று. அணுக் கடிகாரத்தின் விநாடி, நடைமுறையில் 1820ஆம் ஆண்டை ஒட்டிய நாளின் நீளத்துக்கு ஒத்திருக்கிறது. 1972 முதல் 2016 வரையான காலத்தில் புவி பெரும்பாலும் அந்த வேகத்தைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் சுழன்றதால் நாள்தோறும் ஒரு சிறு வேறுபாடு சேர்ந்தது; அது திரண்டு ஒரு விநாடியை நெருங்கும்போது ஒரு விநாடி சேர்க்கப்பட்டது. அதாவது இது சமன்பாடு (3)இன் முதல் உறுப்பான வேகத்தின் விளைவு. தினமும் அரை நிமிடம் தாமதமாக ஓடும் கடிகாரத்தைத் தினமும் திருத்த வேண்டும். அதற்காக அக்கடிகாரம் நாளுக்கு நாள் மேலும் மெதுவாகிறது என்று பொருளில்லை.

## சமன்பாடுகளின் எல்லைகள்

இச்சமன்பாடுகள் முடுக்கம் மாறாத கால இடைவெளிக்குள் மட்டுமே செல்லும்.

நின்ற பிறகு: சாணைச் சக்கரத்தின் கணக்கில் நேரத்துக்கு 60 விநாடி என இட்டால், வேகம் −157 ரேடியன்/விநாடி என வரும், சக்கரம் எதிர்த்திசையில் சுழல்வதாகப் பொருளாகும். உண்மையில் சக்கரம் நின்றதும் அதை எதிர்த்த உராய்வின் திருப்புவிசையும் மறைந்துவிடும். எனவே 40 விநாடிக்கு மேல் அச்சமன்பாட்டுக்கு இடமில்லை.

காற்றின் தடை: மின்விசிறியை நிறுத்தினால் அது முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் வேகம் குறைகிறது. காற்றின் தடை ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், விசிறியின் எதிர்முடுக்கம் மாறாமல் இருப்பதில்லை. இங்கே தொடக்க, இறுதி வேகங்களின் சராசரியைக் கொண்டு சுற்றுகளைக் கணக்கிட்டால் விடை தவறும்.

துடிப்பு விண்மீன்கள்: 1968இல் கண்டறியப்பட்ட நண்டு நெபுலாத் துடிப்பு விண்மீன் விநாடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழல்கிறது. அதன் சுழற்சிக் காலம் நாளொன்றுக்கு நாற்பது நானோவிநாடிக்குச் சற்றுக் குறைவாகக் கூடிவருகிறது. சில நாட்கள் அளவில் அதன் எதிர்முடுக்கத்தை மாறாதது எனக் கொள்ளலாம். அதே முடுக்கம் என்றும் நீடித்தால் அது 2,500 ஆண்டுகள் அளவில் நின்றுவிட வேண்டும். ஆனால் வேகம் குறையக் குறைய அதைத் தடுக்கும் திருப்புவிசையும் குறைவதால் அவ்வாறு நிகழாது.

புவி: மேலே கண்ட மதிப்பும் நீண்டகாலச் சராசரியே. புவியின் உருகிய உள்ளகம், கடல், வளிமண்டலம் ஆகியவற்றின் இயக்கத்தால் நாளின் நீளம் மில்லிவிநாடி அளவில் கூடியும் குறைந்தும் வருகிறது. 2022 ஜூன் 29ஆம் நாள் 86,400 விநாடியைவிட 1.59 மில்லிவிநாடி குறைவாக இருந்தது. இவ்வேற்ற இறக்கங்கள் காலப்போக்கில் ஒன்றையொன்று பெரிதும் ஈடுசெய்துவிடுகின்றன. ஓதங்களால் வரும் எதிர்முடுக்கமோ எப்போதும் ஒரே குறியுடையது என்பதால், நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அதுவே மேலோங்குகிறது.

## கணக்குகளில் கவனிக்க வேண்டியவை

- ஆரத்தைக் கோணக் கணியத்தால் பெருக்கித் தொலைவோ வேகமோ காணும்போது கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். பாகையோ சுற்றோ பயன்படுத்தினால் விடை தவறாகும்.
- கோணங்களை மட்டும் காணும் கணக்குகளில் சுற்று, பாகை, ரேடியன் எதையும் பயன்படுத்தலாம். ஆனால் கணக்கு முழுவதும் ஒரே அலகு வேண்டும்.
- நிமிடச் சுற்றுகளையும் விநாடிகளையும் கலந்துவிடக் கூடாது.
- சமன்பாடு (3) தருவது நிகரக் கோணம். இடையில் சுழற்சித் திசை மாறினால், இரு திசைகளிலும் திரும்பிய கோணங்களைத் தனித்தனியே கண்டு கூட்டினால்தான் மொத்தச் சுழற்சி கிடைக்கும்.
- எல்லாவற்றுக்கும் முன், நிகரத் திருப்புவிசை உண்மையில் மாறாததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு விடை 'ஆம்' என்றால் மட்டுமே மேற்கண்ட நான்கு சமன்பாடுகளும் பொருந்தும்.